தவிட்டுக் கூண்டும் நெய்க் கூண்டும்

எங்கள் அப்பாவின் தொந்தியைத் தெரியாதவர்கள் அப்போது மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் கிடையாது. மலாக்காவுக்கும் தம்பினுக்கும் இடையே ஓடிய பஸ்களில் அவர் டிக்கட் செக்கர். முன்னால் தொந்தி ஏறும், பின்னால் அப்பா ஏறுவார். டிக்கட் எடுக்காமல் உட்கார்ந்திருப்பவன் தொந்தியைப் பார்த்ததும் பையில் கையை விட்டுவிடுவான். அப்பாவுக்கு இதில் பெருமை. "ஆளப் பாத்தாலே தெரியணும், நல்லா சாப்புடுற குடும்பம்னு" என்பார். அந்த விஷயத்தில் எங்கள் குடும்பத்தைப் பற்றி யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராமல் பார்த்துக்கொண்டார்.

காலையில் வீட்டில் பசியாறுவார். பிறகு தம்பினில் சாலையோர ஒட்டுக்கடையில் ஒரு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பலும். திரும்பும் வழியில் அலோர் காஜாவில் பால் தேத்தண்ணியும் இரண்டு வடையும். மதியம் வீட்டில் அம்மாவின் தேங்காய்ப்பால் கறி. இதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் வரும். இடையில் வாயில் போட்டது எதுவும் கணக்கில் வராது.

சுதந்திரம் எந்த நாளில் வரும் என்று பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்தார்கள் அல்லவா, அன்று ஊரே அங்கேதான் நின்றது. நாங்களும் போயிருந்தோம். கூட்டம் கத்தியபோது அப்பாவும் ஒரு கையைத் தூக்கி "மெர்டேக்கா" என்று சுதந்திர முழக்கமிட்டார். இன்னொரு கை நெஞ்சுக்குப் போனது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். முகம் முழுக்க வேர்வை. பக்கத்தில் நின்றவர்கள் விசிறினார்கள். எழுந்த பிறகு எல்லாரிடமும் "ஒண்ணுமில்ல, உணர்ச்சி" என்று சொன்னார். தேசபக்தியால் மயங்கிய மனிதர் என்று இரண்டு நாள் தெருவில் மரியாதை கூடியது. பெரியாஸ்பத்திரி டாக்டருக்கு அந்த உணர்ச்சி புரியவில்லை. குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் பாரம் தாங்காமல் திணறுகிறது, தேங்காய்ப்பால், நெய், சர்க்கரை எல்லாம் நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே அழ ஆரம்பித்தாள். அப்பா அவளைப் பார்த்து, "நாடே சுதந்திரம் வாங்கப் போவுது. நான் மட்டும் ஒரு கரண்டி நெய்க்கு அந்தாளுகிட்ட உத்தரவு கேக்கணுமா?" என்றார். அந்த டாக்டர் குடைக்கம்பி மாதிரி இருந்தார். சாப்பாட்டைப் பற்றிப் பேச அவருக்கு என்ன யோக்கியதை என்பது அப்பாவின் கட்சி.

மறுநாள் மதியம் அம்மா அப்பாவின் தட்டில் கஞ்சியும் அவித்த கீரையும் வைத்தாள். எங்களுக்கு வழக்கம்போல் தேங்காய்ப்பாலில் கொதித்த மீன் கறி. அப்பா கஞ்சியைப் பார்த்தார், கறியைப் பார்த்தார், என் தட்டை இழுத்துச் சாப்பிட்டு முடித்தார். பிறகு கஞ்சியையும் குடித்துவிட்டு, "டாக்டர் சொன்னதையும் விட்டுடக் கூடாது, பாரு" என்றார். அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. எனக்குத்தான் வந்தது. அவளுக்கு ஏதோ நிம்மதி வந்த மாதிரிகூட இருந்தது.

அம்மாவின் அந்தக் குணத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு வேறு வேறாகப் பரிமாறுவதை அவளால் பொறுக்க முடியாது. செமாபோக்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பரிமாறியவன் ஆபீஸ்காரர்களுக்கு இரண்டு அப்பளமும் எங்கள் வரிசைக்கு ஒன்றும் வைத்துக்கொண்டே போனான். அம்மா, "பந்தியில வஞ்சன பண்ற வீட்டுல கை நனைக்கக் கூடாது" என்று எழுந்துவிட்டாள். எங்களையும் எழுப்பிவிட்டாள். எனக்கும் என் தம்பிக்கும் அந்தக் கல்யாணத்துப் பாயசம் இன்றுவரை பாக்கி.

இந்த நேரத்தில்தான் எலிகள் வந்தன.

நான் அப்போது பெண்கள் ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்பு. எங்கள் அறிவியல் டீச்சர் வெள்ளைக்காரி. வெள்ளெலிகள் வளர்த்தார். கொழுப்பும் சர்க்கரையும் ஓர் உடம்பை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள மனிதனைக் கூண்டில் அடைக்க முடியாது, ஆகவே எலி என்பார். உள்ளே நமக்கு இருப்பதெல்லாம் அதற்கும் இருக்கிறது, இதயம், ரத்தக் குழாய், ஈரல் எல்லாம். நமக்கு வருஷக்கணக்கில் ஏறும் கொழுப்பு அதற்கு வாரக்கணக்கில் ஏறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதன் தின்றதை மறைப்பான், எலி மறைக்காது. இதைக் கேட்டபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வராமல் இருக்குமா? தவணை விடுமுறையில் எலிக்குட்டிகளை யார் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்வீர்கள் என்று டீச்சர் கேட்டதும் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

ஒரே தாய் ஈன்ற ஆறு குட்டிகள், இரண்டு கம்பிக் கூண்டுகள். ஒரு கூண்டுக்குத் தவிடு, கீரை, காய்ந்த ரொட்டி. மற்றதற்கு அதே தவிட்டில் நெய், தேங்காய்ப்பால், சீனி. ஒரே வயது, ஒரே ரத்தம், சாப்பாடு மட்டும் வேறு. அப்படியிருந்தால்தான் வரும் வித்தியாசம் சாப்பாட்டால் வந்தது என்று சொல்ல முடியும். இரண்டையும் வீட்டுப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் இருந்த பலகையில் வைத்தேன்.

அப்பா வேலையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, பிள்ளையாருக்கு வண்டி வாங்கியிருக்கியா?"

நான் விளக்கினேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எலிக்கும் எனக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"உள்ள எல்லாம் ஒண்ணுதாம்பா. அதுவும் உங்கள மாதிரிதான், கெடச்சதெல்லாம் திங்கும்."

"அப்ப சரி. நாம ஒரு பேச்சுப் பேசிக்குவோம். அந்தக் குடைக்கம்பி சொல்லி நான் கேக்க மாட்டேன். எலி சொன்னா கேக்குறேன். லீவு முடியறப்ப மளிகைக்கடைத் தராசுல நிறுத்துப் பாப்போம். நெய் தின்ன எலி தொந்தி போட்டு, தவிடு தின்ன எலி சிக்குனு இருந்தா, நீ போடற தவிட்ட நானும் திங்கறேன். இல்லன்னா இந்த வீட்டுல என் சாப்பாட்டப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. டாக்டர் உட்பட."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவில் அவர் மாடிப்படி ஏறி வந்தால் மேல்படியில் நின்று மூச்சு வாங்குவது என் அறைக்குக் கேட்கும். அந்த மூச்சு சீராகும் வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவைக் காப்பாற்ற இந்த உலகத்தில் ஆறு எலிகளைத் தவிர யாரும் இல்லை என்று நிஜமாகவே நம்பினேன்.

முதல் வாரம் பிரமாதமாகப் போனது. நெய்க் கூண்டு எலிகள் தின்றுவிட்டுத் தூங்கின. தவிட்டுக் கூண்டு எலிகள் கம்பியில் ஏறி இறங்கி சர்க்கஸ் காட்டின. நான் பின்பக்கம் போய்வரும்போதெல்லாம் அப்பாவைப் பார்த்து ஒரு மாதிரி சிரிப்பேன். அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார்.

பிறகு சர்க்கஸ் மெல்ல மெல்லக் குறைந்தது. தவிட்டு எலிகள் மயிர் பளபளக்க, கன்னம் உப்ப, கீரையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தன. தவிடு வைத்தது வைத்தபடி இருந்தது. நான் தவிட்டை மாற்றிப் பார்த்தேன், கூண்டை நிழலுக்கு நகர்த்திப் பார்த்தேன். எலிகள் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தன. கீரையில் இப்படி ஒரு சத்தா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் கூண்டைக் கழுவும்போது மூலையில் ஒரு துண்டு உளுந்து வடை கிடந்தது. தவிட்டில் வடை முளைக்காது என்கிற அளவுக்கு எனக்கு அறிவியல் தெரியும்.

மறுநாள் குளியலறைக் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன்.

முதலில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். தலைமுறைகளாக மலாயே பேசும் மலாக்காச் செட்டிக் குடும்பம். கோயிலுக்குப் போனால் எங்களைவிடப் பக்தியாக விழுந்து கும்பிடுவார், பேச்சு முழுக்க மலாய். வேலிப் பக்கமாகக் கையை நீட்டி, "கெசியான், மாக்கான் டெடாக் சாஜா" என்று பரிதாபப்பட்டார். பாவம், வெறும் தவிட்டையா தின்கிறீர்கள் என்று எலிகளை மலாயில் விசாரித்துவிட்டு, தேங்காய்ப்பாலில் செய்த குவே பலகாரம் ஒன்றைக் கூண்டுக்குள் பிய்த்துப் போட்டார். நெய்க் கூண்டுப் பக்கம் திரும்பவே இல்லை. அவை வசதியான எலிகள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து அப்பா. பூனை மாதிரி நடந்து வந்தார். அந்த உடம்போடு பூனை மாதிரி நடக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன். சட்டைப் பையிலிருந்து வடையை எடுத்து, தவிட்டுக் கூண்டில் மட்டும் போட்டு, "தின்னுங்கடா. நம்மள மாதிரி ஆளுங்கதான்டா நீங்களும். இவகிட்ட மாட்டிக்கிட்டீங்க" என்றார். அது அனுதாபமா, சாட்சிக்குக் கொடுத்த லஞ்சமா என்று நான் கடைசி வரை தீர்மானிக்கவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

கதவைத் திறந்து பிடிக்கப் போன நேரத்தில் அம்மா வந்தாள். அப்பா சட்டென்று தொட்டித் தண்ணீரில் முகம் கழுவுவது போல் குனிந்துகொண்டார். அம்மா அவரைக் கவனிக்கவில்லை. அவள் கையில் ஒரு கிண்ணம். நெய்க் கூண்டில் நான் வைத்திருந்த கலவையே அதிலும் இருந்தது. தவிட்டுக் கூண்டைத் திறந்து, பழைய தவிட்டை ஒதுக்கிவிட்டு, மூன்று எலிக்கும் மூன்று உருண்டையாக, ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் போய்விடாமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

நான் கத்திக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். அம்மா கொஞ்சமும் பதறவில்லை.

"ஏண்டி, ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க. இந்தப் பக்கம் மூணு நெய்யில முழுகுது, அந்தப் பக்கம் மூணு கம்பியப் புடிச்சிக்கிட்டு அதையே பாக்குது. என் வீட்டுல இப்படியொரு வஞ்சன நடக்க நான் விடுவேனா? நீ இதுங்களக் கொண்டாந்த அன்னியிலேர்ந்தே போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மொதல்ல கொஞ்சமா போட்டேன், மனசு கேக்கல."

பந்தயத்தை அப்பா விடவில்லை. விடுமுறையின் கடைசி நாளில் பிஸ்கட் டின்னில் எலிகளைப் போட்டுத் தூக்கிக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனோம். கடைக்காரர் ராவுத்தர். அப்பாவுக்கு வெகுநாள் சிநேகிதம். "இதுவரைக்கும் இந்தத் தராசுல எலிய நிறுத்து யாரும் வாங்கினதில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தார். முள் இரண்டு கட்சிக்கும் ஒரே இடத்தில் நின்றது. அப்பா கடைவாசலில் நின்று, "பாத்துக்குங்க எல்லாரும். தவிடு தின்னாலும் தொந்தி வரும். ஆண்டவன் கொடுக்கறது!" என்று அறிவித்தார். கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் அந்தச் சந்தோஷத்தில் ஒரு கட்டி வெல்லத்தை வாங்கி அங்கேயே வாயில் போட்டார்.

வீட்டுக்கு வந்து நான் அழுதேன். தோற்றதற்காக இல்லை. அம்மா சமையல்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "உன் நியாயத்த நீயே வச்சிக்க. எலிக்கு வஞ்சன பண்ணக் கூடாதுன்னு பாத்த. அப்பா அந்தத் திடல்ல உக்காந்த மாதிரி இன்னொரு நாள் உக்காந்தா, உன் பந்தியில ஒரு எலை கொறையும்மா. அத யாருக்குப் பங்கு போடுவ?" என்று கத்திவிட்டேன். அம்மா துருவுவதை நிறுத்தினாள். துருவியது பாதி, துருவாதது பாதியாக அந்த மூடி அப்படியே கிடந்தது.

எலிகளின் கதையைக் கேட்டு டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆராய்ச்சிக்கூடத்தில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், தாயார் மட்டும் கூடாது என்று சொல்லி எலிகளை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பாவின் தட்டில் கொஞ்சம் சோறு, அவித்த கீரை, புளித்தண்ணீரில் வெந்த மீன். அப்பா வழக்கம்போல் என் தட்டை இழுக்கக் கையை நீட்டினார். என் தட்டிலும் அதுதான். தம்பி தட்டிலும் அதுதான். அம்மா தட்டிலும் அதுதான். அப்பா எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தார். இரண்டு கூண்டிலும் தவிடும் கீரையும்.

"என்னடி இது?"

"இந்த வீட்டுல இனிமே இதுதாங்க. எல்லாருக்கும்."

அப்பாவுக்குச் சண்டை போட ஒன்றுமே அகப்படவில்லை. தனக்கு மட்டும் என்றால் கத்தலாம், தட்டைத் தள்ளலாம், டாக்டரைத் திட்டலாம். எல்லார் தட்டையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். தம்பி எனக்கு மட்டும் கேட்கும்படி, "அக்கா, உன் எலிய எங்க வாங்கினியோ அங்கயே நீயும் போயிடு" என்றான். நான் எலிகளை வைத்து அப்பாவை மடக்கப் பார்த்தேன், அம்மா என்னையும் சேர்த்துக் கூண்டில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டாள்.

சில வாரத்தில் என் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. தம்பி மூங்கில் மாதிரி ஆனான். எலிகள் மறுபடியும் சர்க்கஸ் காட்டின. அப்பாவின் தொந்தி மட்டும் அசையவில்லை. தம்பினில் ஒட்டுக்கடை அப்படியே இருக்கிறதல்லவா? அவரது சட்டையில் சம்பல் கறையைக் காட்டி நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அந்தச் சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்துக்கொண்டே, "வெளியில திங்கறது அவரு பாடு. நம்ம பந்தியில வித்தியாசம் இல்லடி, எனக்கு அது போதும்" என்றாள்.

அந்த வருஷக் கோயில் திருவிழாவுக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு தட்டு நிறையக் குவே கொண்டுவந்து கொடுத்தார். பச்சை, வெள்ளை, தேங்காய்ப்பால் வாசனை கூடம் வரை வந்தது. எங்கள் வீட்டில் தேங்காய்ப்பாலுக்கு உயிரை விடுகிறவர் அப்பா இல்லை, அம்மாதான். எங்கள் வீட்டுக் கறியும் பாயசமும் அவள் ஆசைக்குத்தான் அத்தனை வருஷம் கொதித்தன, அப்பா கூடச் சாப்பிட்டுப் பெருத்தார். அம்மா தட்டை வாங்கி, கண்ணை மூடி ஒருதரம் முகர்ந்தாள். பிறகு தெருவில் போன தம்பியின் சிநேகிதர்களைக் கூப்பிட்டு முழுவதையும் கொடுத்துவிட்டு, சீனி போடாத கறுப்புத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா நாற்காலியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் பேப்பரைத் திருப்பவே இல்லை.

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் வாழையிலைப் பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்தார். பிரித்து மறுபடி மடித்த பொட்டலம்.

"தம்பின்ல வாங்கினேன்" என்றார் அம்மாவிடம். "தெனமும்தான் வாங்கறேன், உனக்குத் தெரியும். இன்னிக்குப் பிரிச்சேன், திங்க முடியல. நீ அங்க வெறும் தேத்தண்ணியக் குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க. நான் பஸ்சு பின்னால நின்னு திருட்டுத்தனமா திங்கறேன். தம்பின்ல உக்காந்தாலும் நான் உன் பந்தியிலதானே இருக்கேன். வஞ்சன பண்றது நான்தான்."

அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா பொட்டலத்தைப் பிரித்து அந்த நாசி லெமாக்கை நான்கு பங்காக்கினாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் சேர்த்தாள். பிறகு நான்கிலிருந்தும் ஒவ்வொரு கிள்ளு எடுத்துக் கூண்டுகளுக்கென்று தனியாக வைத்தாள். அப்பாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாய்.

"இவ்ளோதானா?"

"எல்லாருக்கும் அவ்ளோதான்."

அதற்குப் பிறகு ஒட்டுக்கடைக்காரர், செக்கருக்கு என்ன உடம்புக்கு என்று பஸ் டிரைவரிடம் விசாரித்தாராம்.

அடுத்த வருஷம் சுதந்திரம் வந்த நாளில் நாங்கள் எல்லாரும் காஜா பேராங்கிலிருந்து பண்டார் ஹிலிர் வரை நடந்தே போனோம். அப்பா முன்னால் நடந்தார். அதே திடல், அதே மாதிரி கூட்டம். எல்லாரும் மெர்டேக்கா என்று கத்தியபோது அப்பாவும் ஒரு கையைத் தூக்கினார். இன்னொரு கை சட்டென்று கீழே போனது. அம்மா பதறிப்போய் அவர் தோளைப் பிடித்தாள், எனக்கு உயிரே போய் வந்தது. அவர் நெஞ்சைப் பிடிக்கவில்லை. நழுவிக்கொண்டிருந்த கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.